கோவாவும் என் தங்கச்சியின் குளிசையும்

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தங்கச்சியைப் பார்க்க, வெள்ளவத்தையிலிருந்து பஸ்ஸில் வேர்த்து வழியப் போனேன். வீட்டுக்குள் நுழைந்ததும் ஃபேனைப் போட்டேன். கதிரையில் சுருண்டு கிடந்தவள் எழும்பி நிறுத்தினாள். அந்த வெக்கையிலும் சுவெட்டர் போட்டிருந்தாள்.

"குளிருதக்கா."

"தைரொயிட் குளிசை போடுறியோ?"

"போன மாசமே விட்டிட்டன்."

அவளுடைய தைரொயிட் சுரப்பி பழுதாகிப் பல வருடம். சாகும்வரை தினமும் ஒரு குளிசை என்று டொக்டர் சொல்லியிருந்தார்.

அவள் ஃபோனை நீட்டினாள். கோவாவில், அதுதான் முட்டைக்கோசில், உள்ள ஒரு இரசாயனத்தை ஆய்வுகூட எலிகளுக்குக் கொடுத்தார்களாம். தைரொயிட் வீங்கி வேலை குறைந்ததாம். நிறுத்தியதும் எலிகள் தேறினவாம். மரவள்ளியிலும் அப்படி ஒன்று உண்டாம்.

"நானும் கோவா, மரவள்ளி எல்லாத்தையும் நிப்பாட்டிட்டன். நஞ்சு போனாப் பிறகு மருந்தேன்?"

"பூனையிட்டை வந்து எலிக்கதை சொல்லுறாய்," என்றேன்.

பாதி ஆயுளை ஆய்வுகூடத்து எலிகளோடு கழித்தவள் நான். கூடு கழுவி, தீன் குழைத்து, அங்கே வந்து போனவர்களிடம் கேட்டுக் கேட்டே படித்தேன். செய்தியில் பொய் இல்லை. நானே பார்த்திருக்கிறேன். அயடீனைக் கொண்டு ஹோர்மோன் செய்யும் வேலையை அந்த இரசாயனம் மறித்துவிடும். மூளை விடாது, "செய், செய்" என்று சுரப்பியை விரட்டும். பாவம், அது வீங்கும். எலி மூலையில் சுருண்டு கிடக்கும், என் தங்கச்சி கதிரையில் கிடந்ததுபோல.

ஆனால் அந்த எலிகள் தின்றது பிரித்தெடுத்த சரக்கு, ஒவ்வொரு வாய்த் தீனிலும். என்னோடு வேலை செய்த மலைநாட்டுப் பிள்ளை சொல்லுவாள்: "எலிக்கு ஏதுக்கா மெனு கார்டு?" நாங்கள் கிழமைக்கொரு தரம் கோவாச் சுண்டல் தின்கிறவர்கள்.

"அப்ப அதுகள் எப்பிடித் தேறினது?" தங்கச்சி விடவில்லை.

"அதுகளின்ரை சுரப்பி நல்ல சுரப்பியடி. அடைச்ச குழாய். அடைப்பை எடுத்தால் தண்ணி வரும். உன்ரை கிணறு வத்தினது."

அவள் முகம் விழுந்துவிட்டது. "முழுக்க வத்திப்போச்சோ?"

"ஓம். அதுக்குத்தான் நாளாந்தம் பவுசர் லொறியிலை தண்ணி வருது. அந்தக் குளிசைதான் பவுசர். நீ பவுசரை வாசலிலை மறிச்சு வைச்சிருக்கிறாய்."

அவள் சுவெட்டரின் கைகளை இழுத்து விட்டாள். "நாளைக்கு கிளினிக்குக்கு நீங்களும் வாங்கோ."

போனோம். இரத்தம் எடுத்தார்கள். டொக்டர் என்னைவிட நன்றாக ஏசிவிட்டு, குளிசையை மறுபடி எழுதிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் அவளே மரவள்ளி அவித்து, கட்டைச் சம்பல் இடித்தாள். ஆசையாகத் தின்றுவிட்டு, ஒரு இஞ்சித் தேத்தண்ணி கேட்டேன்.

"விசரோ? மரவள்ளி அவிச்ச வீட்டிலை இஞ்சியோ? ரெண்டும் சேந்தால் நஞ்செல்லே!"

"அதெல்லாம் சும்மா கதை."

"எலிக்குக் குடுத்துப் பாத்தனீங்களோ?"

"இல்லை."

"அப்ப பேசாமல் வெறுந்தேத்தண்ணியைக் குடியுங்கோ."

குடித்தேன்.

மறுநாள் காலையில், நான் முகம் கழுவும் முன்னமே ஃபோன் அடித்தது. "பவுசர் வந்திட்டுது," என்றாள். "வெறும் வயித்திலை போட்டிட்டு, தேத்தண்ணி குடிக்க அரை மணித்தியாலம் போகோணுமெண்டு மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறன். அதுவரைக்கும் ஏதாவது கதையுங்கோ அக்கா."

கதைக்கவா எனக்குச் சொல்லித்தர வேண்டும்?