ரமாபாய்க்கு நரம்புத் தளர்ச்சி இல்லை

ரமாபாய்க்கு வேலை சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் எடைமேடையில். நாள் முழுக்க லாரிகளின் எடையைச் சீட்டில் அடித்துக் கொடுப்பாள். அது போதாதென்று சாயங்காலம் ஜிம்முக்கு வந்து தானும் எடை தூக்குவாள். முப்பத்தோரு வயது, இரண்டு பிள்ளைகள். பயிற்சியில் இரும்புத் தட்டுகள் மாட்டிய நூற்று முப்பது கிலோ பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நிற்பாள். பார்த்தால் நமக்கே தெம்பு வரும். நானும் அதே ஜிம்தான். பிழைப்புக்கு ராயபுரத்தில் பிசியோதெரபி பார்க்கிறேன்.

ஆனால் போட்டி என்றால் அவளுக்குக் கை நடுங்கிவிடும். போன இரண்டு போட்டிகளிலும் மேடையேறாமலே திரும்பி வந்தாள். எம்.கே.பி. நகரில் அவள் குடியிருக்கும் அடுக்குமாடி பிளாக் முழுக்க ஒரே தீர்ப்பு: நரம்புத் தளர்ச்சி. இந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம் ஊரில் ரத்தம் எடுக்க ஊசி போடும் இடமும் நரம்பு, சுளுக்கிக்கொண்டாலும் நரம்பு, கை நடுங்கினால் கேட்கவே வேண்டாம். மாதம் ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு உட்காரும் வைத்தியரிடம் அவள் கணவர் சின்னப்பையன் ஒரு டப்பா லேகியம் வாங்கி வந்தார். பாசத்தில்தான். அவளும் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்று தீர்த்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை திருவொற்றியூரில் மாநில அணிக்கான தேர்வு. நானும் சின்னப்பையனும் கூடப் போயிருந்தோம். அவள் எடைப்பிரிவில் வேறு யாரும் நூற்றிருபதைத் தாண்டவில்லை. கொடுக்கும் மூன்று வாய்ப்பில் ஒரு தடவை, அவள் எழுதிக் கொடுத்திருந்த நூற்று முப்பதைத் தூக்கினால் போதும், இடம் அவளுக்குத்தான். முதல் தடவை உள்ளங்கை வியர்த்து பார் வழுக்கியது. இரண்டாம் தடவை பெயரைக் கூப்பிட்டும் அவள் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"வேணான்டி ஃபரா. வாய் காஞ்சி கீது, நெஞ்சு படபடன்னு அட்ச்சிகினு கீது. கைய பாரு. தளர்ச்சிதான்டி இது."

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ!

"இன்னாடி தளர்ச்சி? உடம்புல ரெண்டு வித நரம்பு கீது. ஒண்ணு உன் பேச்ச கேக்கும். இன்னொண்ணு உன்ன கேக்கவே கேக்காது. உங்க பிளாக்ல டேங்க்ல தண்ணி கொறஞ்சா மோட்டார் தானா போட்டுக்குதுல்ல, அத்த மாதிரி. பெரிய வேலை வருதுன்னா அதுவே இதயத்த வேகமா ஓட்டும். வயித்து வேலைய நிறுத்திட்டு சதைக்கு ரத்தம் அனுப்பும். அதான் எச்சி வத்துது, கை வேர்க்குது, நடுங்குது. தளந்து போன நரம்பு இத்தினி வேலை செய்யுமாடி?"

அவள் தன் கையையே பார்த்தாள். "அப்போ சதை இன்னா செய்யுது?"

"அதுக்குள்ள மெல்லிசா ரெண்டு வித இழை. நரம்பு உத்தரவு குடுத்தா கால்சியம் பாயும். ஒரு இழை இன்னொண்ண கொக்கி போட்டு இழுக்கும், வுடும், திரும்ப இழுக்கும். கை மாத்தி கை மாத்தி கயிறு இழுக்கறாப்ல. கோடிக்கணக்குல கொக்கிடி!"

"அப்போ எல்லாம் ரெடியாத்தான் கீதா?"

"நீ ஒருத்திதான் பாக்கி."

மூன்றாவது தடவை பெயரைக் கூப்பிட்டார்கள். பிடி வழுக்காமலிருக்கச் சுண்ணப்பொடியை இரண்டு கையிலும் அள்ளித் தேய்த்துக்கொண்டு விறுவிறுவென்று மேடையேறினாள். கை நடுங்கியது, கூட்டத்திலிருந்தே தெரிந்தது. குனிந்தாள், பிடித்தாள், இழுத்தாள். பார் லேசாக வளைந்தது, தட்டுகள் அசையவில்லை. பிறகு தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது, முழங்காலுக்கு வந்தது, அங்கே ஒரு கணம் நின்றது. தொடை வெடவெடவென்று ஆடியது.

"ஏத்து ரமா! வுடாத!" சின்னப்பையன் நாற்காலி மேலேயே ஏறிவிட்டார்.

நிமிர்ந்துவிட்டாள்! தோள் பின்னால் போயிற்று, முழங்கால் பூட்டிக்கொண்டது. தூக்கியாயிற்று, இனி இறக்கலாம் என்று நடுவர் கையை இறக்கி, "டவுன்" என்றார். அவள் இறக்கவில்லை. அவர் இன்னொரு தடவை சொன்னார். கை, கால், உதடு எல்லாம் ஆட, கண்ணில் தண்ணீர் வழிய, நூற்று முப்பது கிலோவோடு அவள் சிரித்தாள்.

"இரு சார். நடுங்கிகினே எம்மா நேரம் நிக்கறேன்னு பாத்துக்கறேன்."