முந்நூறு கிராம் சுண்ணாம்பு

பத்தாவது முடித்த விடுமுறையில் அப்பாவோடு பந்தயம் கட்டினேன். பிளஸ் ஒன்னில் சயன்ஸ்தான் எடுப்பேன் என்று நான். அந்தப் பள்ளிக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், பக்கத்திலேயே காமர்ஸ் படி என்று அவர். சக்குபள்ளத்தில் எங்களுக்கு அரை ஏக்கர் ஏலக்காய்த் தோட்டம். அழுகல் நோய் வராமலிருக்க மழைக்கு முன்னால் துரிசும் சுண்ணாம்பும் கரைத்து அடிப்பது வழக்கம். ஒரு கிலோ துரிசுக்கு ஒரு கிலோ சுண்ணாம்பு, இதுதான் அப்பாவின் அளவு. சுண்ணாம்பு குறைந்தால் துரிசு இலையைக் கருக்கிவிடும்.

"முந்நூறு கிராம் போதும்ப்பா. இலை கருகலைன்னா நான் சயன்ஸ்."

என் தைரியத்துக்குக் காரணம் சல்பேட். அந்த நீலத் துரிசு காப்பர் சல்பேட் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஒரு கந்தகமும் நான்கு ஆக்சிஜனும் ஒன்றையொன்று விடாமல் ஒரே அயனியாகத் திரியும் கூட்டம் சல்பேட். செம்பை விட்டுச் சுண்ணாம்பின் கால்சியத்தோடு சேரும்போதும் ஐந்தும் ஒன்றாகவே போகும். ஒரு செம்புக்கு ஒரு கால்சியம். மூலக்கூறு நிறையைப் போட்டுப் பார்த்தால் ஒரு கிலோ துரிசுக்கு முந்நூறு கிராம்கூட வராது. நோட்டில் மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் அதே விடை. வருஷக்கணக்காகச் சுண்ணாம்பை வீணடித்திருக்கிறாரே என்று அப்பா மேல் பரிதாபமே வந்தது.

"கருகுச்சுன்னா இந்த வருசக் காய் போச்சு, பாப்பா" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, தராசை என்னிடமே தந்தார். நிறுத்து, கரைத்து, டிரம்மில் ஊற்றினேன். மருந்தடிக்கும் குழாயின் நோசிலை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு மேடேறி வந்தேன். அடித்து முடித்தார்.

அடுத்த இரண்டு வாரமும் காலையில் எழுந்ததும் இலைகளைப் புரட்டுவதுதான் என் வேலை. ஒன்றுகூடக் கருகவில்லை. அம்மா, அக்கம்பக்கம், பஸ் கண்டக்டர் என்று ஒருவரையும் விடாமல் சொல்லித் தீர்த்தேன். அப்பா விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

கல்லூரி ஆய்வகத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திறந்து கிடக்கும் சுண்ணாம்பு காற்றுப் பட்டுப் பட்டுக் கார்பனேட்டாக மாறிவிடும். துரிசின் வீரியத்தை அதனால் அடக்க முடியாது. எங்கள் மூட்டையோ போன மழைக்காலத்திலேயே பிரித்தது. கணக்கு சரி, சுண்ணாம்பு பாதிக்கு மேல் சுண்ணாம்பாகவே இருந்திருக்காது. அப்படியானால் இலை ஏன் கருகவில்லை என்று அன்றைக்கே அப்பாவுக்குப் போன் செய்து கேட்டேன்.

"டிரம்முல கத்திய முக்கிப் பாத்தேன். செம்பு ஒட்டிச் செவந்துருச்சு, சுண்ணாம்பு பத்தலைன்னு தெரிஞ்சுபோச்சு. நீ வீட்டுக்குப் போன நேரத்துல மிச்சச் சுண்ணாம்பையும் கரைச்சு ஊத்திட்டேன்."

"நான் தோத்துட்டேன்னு அப்பவே சொல்லிருக்கலாம்லப்பா?"

"காட்டணும்னுதான் கத்தியத் தொடைக்காம வச்சுருந்தேன். நீ அந்த மேட்டுல மூச்சு வாங்க ஓடியாந்த. வேட்டியிலேயே தொடைச்சுட்டேன்."

மேட்டில் ஏறி வந்த என்னைப் பார்த்து அவர் சிரித்தது நினைவிருக்கிறது. என் கணக்கைக் கண்டு அசந்துபோய்விட்டார் என்று நினைத்து, பெருமையாக நோசிலை நீட்டினேன்.