ஓடை வடிந்த காலை

மேகுய் காலையில் சோயாப் பாலும் முட்டை ரொட்டியும் விற்பவள். புயல் வந்தால் அவளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. கொல்லையில் நட்டிருக்கும் மழைமானியைப் பார்த்து, மண்சரிவு எச்சரிக்கை அலுவலகத்துக்குப் போனில் அளவு சொல்ல வேண்டும். தைவான் மலைகளில் ஓடைக்கரை ஊர்களில் இப்படி ஓர் ஆள் இருப்பார். சம்பளம் கிடையாது, ஒரு மஞ்சள் சட்டை, ஒரு தலைக்கவசம், ஊராரிடம் வேண்டிய மட்டும் ஏச்சு.

மழை இருநூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் ஊரைக் காலி செய்ய வேண்டும். போன வருடம் அப்படித்தான் எல்லோரையும் கிளப்பினாள். மூன்று நாள் பள்ளிக்கூடத் தரையில் கிடந்தார்கள். மலையிலிருந்து ஒரு கூழாங்கல்கூட உருளவில்லை. அவள் அண்ணன் ஜின்தோ வாடப் போட்டிருந்த தேயிலைதான், நேரத்துக்குப் புரட்ட ஆளில்லாமல் தட்டிலேயே கறுத்து வீணானது. அதிலிருந்து அவளைக் கண்டாலே, "இருநூத்தம்பது வருது, வழிவிடுங்க" என்பான். அந்த ஊர்ப் பேச்சில் இருநூற்றைம்பது என்றால் அரைக்கிறுக்கு. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்துவைப்பாள், வீட்டுக்கு வந்து பாத்திரத்தை நங்கென்று வைப்பாள்.

இந்த வருடப் புயலில் காலை பத்து மணிக்கு மானி இருநூற்றுப் பத்து காட்டியது. அலுவலகத்தில் "பொறுங்க" என்றார்கள். மனம் கேட்காமல் ஓடைப் பாலத்துக்குப் போனாள். அங்கே இரண்டு பேர் நிம்மதியாகப் புகைத்துக்கொண்டு நின்றார்கள்.

"தண்ணி பாதியா வடிஞ்சிருச்சுக்கா. போய்ப் படுங்க."

மழை குறையவில்லை, ஓடை மட்டும் குறைந்திருந்தது. அவள் தலையைத் தூக்கி மேல்மலையைப் பார்த்தாள். முன்னொரு வருடம் வந்த பெரிய பூகம்பத்துக்குப் பிறகு அது நொறுங்கின கல்லும் மண்ணுமாகத்தான் நிற்கிறது. எங்கோ சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. தண்ணீர் அதன் பின்னால் தேங்குகிறது. அடைப்பு உடைந்தால் வருவது வெறும் வெள்ளமாக இருக்காது. பாறைகள் முன்னால் உருள, சேறு பின்னால் தள்ள, மலையே இறங்கி வரும். இதைச் சொன்னதும் அந்த இருவரும் சிகரெட்டை எறிந்துவிட்டு வீடு வீடாகக் கதவு தட்டப் போனார்கள்.

ஓடை மலையை விட்டு இறங்கும் வாயிலேயே அண்ணன் வீடு. மேகுய் ரொட்டி விற்கும் வேனை நேரே அங்கே விட்டாள். உள்ளே எட்டு மூங்கில் தட்டுகளில், புயலுக்கு முன் அவசரமாகப் பறித்த இலை வாடிக்கொண்டிருந்தது.

"அண்ணே, கெளம்பு. ஓடை வடியுது."

"வடிஞ்சா நல்லதுதானே?"

"நல்லதில்ல. மேல அடைச்சிருக்கு."

"உன் மானி எவ்வளவு காட்டுது?"

"இருநூத்திப் பத்து."

"உன் கணக்குப்படியே இன்னும் நாப்பது பாக்கி. எனக்கு எலையைப் புரட்டணும். போயிட்டு அப்புறம் வா, இருநூத்தம்பது."

கெஞ்சினால் அவன் அசையமாட்டான், பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். ஒரு தட்டைத் தூக்கிப்போய் வேனுக்குள் வைத்தாள். பிறகு இன்னொன்று.

"ஏய், எலையில கைய வைக்காதே. நசுங்கிடும்."

நாலாவது தட்டை ஏற்றியதும் வண்டியைக் கிளப்பிவிட்டாள். ஜின்தோ மழையில் கத்திக்கொண்டே ஓடிவந்து பின்பக்கம் தொற்றி ஏறினான். பள்ளிக்கூட மேடு வரை அவன் திட்டியதையெல்லாம் எழுத முடியாது.

ஊரார் வந்து சேர்ந்திருந்த வராந்தாவில் தட்டுகளை இறக்கும்போது தரை அதிர்ந்தது. பிறகுதான் சத்தம் வந்தது. வீட்டளவு பாறைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடைவாயில் பாய்ந்தன. அண்ணன் வீட்டுத் தகரக்கூரை ஒரு கணம் சேற்றின் மேல் தெரிந்தது. அடுத்த கணம் அதுவும் இல்லை.

ஜின்தோ வெகுநேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தட்டுகளின் அருகில் வந்து உட்கார்ந்தான்.

"புரட்டற நேரமாச்சு" என்றான். கையை இலைவரை நீட்டினான். மடக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

"நீ புரட்டு."

மேகுய்க்கு அந்த வேலை தெரியாது. அழுதுகொண்டே, தோன்றியபடி இலையைக் கிளறினாள். தப்பாகத்தான் கிளறினாள். அவன் திருத்தவில்லை.