ஒற்றை மரத்தின் கோடு

ரப்பர் தோட்டத்து கேட்டிலிருந்து ஈப்போ பஸ் நிற்கும் பெரிய சாலைக்கு மூன்று மைல். செம்மண் பாதையில் பாதி தூரம் நடந்திருந்தேன். கையில் சுருட்டிய கிராஃப் தாள், அக்கா திருப்பித் தந்தது. ஒரு வருஷமாக அவள் வீட்டுச் சுவரில், சிலுவைக்குக் கீழே ஒட்டியிருந்த தாள். மூலைகளில் சோற்றுப் பசை காய்ந்திருந்தது.

தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள். இருபது வருஷம் மரம் கீறிப் பால் வெட்டிய அக்காவுக்கு ஒரு தொகை கொடுத்து, அடுத்த வருஷத்துக்குள் தோட்டத்து வீடான லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். அத்தான் இறந்துபோயிருந்தார். காம்பார் டவுனில் ஒரு சின்ன வீட்டுக்கு முன்பணம் கட்ட அந்தத் தொகை மட்டும்தான். கொஞ்சம் பெருக்கித் தருகிறேன் என்று நான்தான் வாங்கிப் போனேன்.

பதினான்கு வயதில் தோட்டத்தை விட்டு ஓடியவன் நான். லாரி, ஈயம் தோண்டும் குட்டை, மீன் மார்க்கெட் என்று சுற்றிவிட்டு, எண்பதுகளில் ஈப்போவில் ஒரு பங்குத் தரகர் ஆபீசில் பலகையில் சாக்கட்டியால் விலை எழுதிக்கொண்டிருந்தேன். அங்கே வரும் சீனக் கிழவர்களைப் பார்த்துக் கோடு போடப் பழகினேன். சாயங்கால விலைக்கு ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் கோடு. கோடு இரண்டு மூன்று முறை ஒரே இடத்தில் இறங்கி, அங்கிருந்தே எழும்பினால் அதுதான் தரை. தரையைத் தொடும்போது வாங்க வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதை வைத்து அக்காவின் பணம் முழுவதையும் ஒரே கம்பெனியில் போட்டேன். அதன் கோடு வரைந்த தாளை அவளிடம் கொடுத்தேன்.

ஆபீசுக்குக் கீழே சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய் யூனிட் டிரஸ்டில் போட்டிருந்தார். பலருடைய பணத்தைச் சேர்த்து முப்பது நாற்பது கம்பெனிப் பங்குகளை வாங்கி வைப்பார்கள். தோட்டத்தில் பால் சேர்க்கும் ஸ்டோரில் எல்லா மரத்துப் பாலையும் ஒரே தொட்டியில் ஊற்றுவது போல. ஒரு மரம் வற்றினால் தொட்டிக்குத் தெரியாது.

"பாய், அதுல எப்ப காசு பாக்குறது? பேரன் காலத்துலயா?" என்றேன்.

"நான் கடைய மூடிட்டுத் தூங்கணும்லா. நீ பென்சில வச்சிக்கிட்டு முழிச்சிரு."

நான்கு மாதத்தில் என் கோடு தரையை உடைத்துக்கொண்டு இறங்கியது. அக்கா ஈப்போவுக்கு வந்து, "எடுத்துறலாமாடா?" என்று கேட்டாள்.

"மரம் எல கொட்டுதுக்கா. அந்த மாசத்துல பால் கொறையும்ல, அது மாதிரிதான். துளிர்த்ததும் ஏறிரும்."

அவள் தலையை ஆட்டிவிட்டு பஸ் ஏறினாள். மொத்தச் சந்தைக்கும் ஒரு கோடு உண்டு. அதை ஆபீஸ் சுவரில் தொங்கவிட்டிருந்தார்கள். அது இறங்கவேயில்லை. தினமும் அதற்குப் பக்கத்தில் நின்றுதான் விலை எழுதினேன்.

பிறகு நான் பணம் போட்ட கம்பெனியை மூடிவிட்டார்கள். பலகைக்குப் பதில் விலை காட்டும் கணினித் திரை வந்து என் வேலையும் போனது. லயத்தைக் காலி செய்ய இரண்டு வாரம் இருக்கையில் போய்ச் சொன்னேன். அக்கா பால் வெட்டும் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"மீதி?"

"ஒன்னும் இல்லக்கா."

"அது எறங்குறப்ப மத்ததெல்லாம் எறங்குச்சா?"

"இல்ல."

கல்லில் உளி நின்றது. "எல கொட்டுனா காடே கொட்டும்டா. ஒத்த மரம் மட்டும் பால் விடலன்னா பட்ட காஞ்சுபோச்சுன்னு அர்த்தம். அத யாரும் கீறிக்கிட்டு நிக்க மாட்டாங்க. அடுத்த மரத்துக்குப் போயிருவாங்க. நீ எல கொட்டுதுன்னு சொன்னப்ப எல்லாம் சேந்து கொட்டுதுன்னுதான் நான் நெனச்சேன்."

"எங்கக்கா போவ?"

"சர்ச்சுக்குப் பின்னால ஒரு ரூம்பு கேட்டிருக்கேன். வாடகை தரணும்." எழுந்து தாளைச் சுவரிலிருந்து உரித்தாள். "இந்தா, ஒன்னோடது."

பெரிய சாலை முனையில் ஒரு லாரி நின்றது. தோட்டத்து மரங்களை வெட்ட ஆள் எடுக்கிறார்கள், மரக் கணக்கில் கூலி என்றார்கள் லாரியில் இருந்தவர்கள். ஈப்போ பஸ் வந்தது. ஏறவில்லை. அக்காவின் வாடகைக்கு வேறு வழி தெரியவில்லை. பஸ் கொட்டகையில் படுத்துக்கொண்டேன்.

காலையில் சீனக் கன்ட்ராக்டர் கோடரியைக் கொடுத்தார். அதன் வாயைச் சுற்றியிருந்த சாக்கு கிழிந்திருந்தது. அதை எறிந்துவிட்டு, தோளில் தூக்கிப் போக என் கிராஃப் தாளைச் சுற்றிக்கொண்டேன். மேட்டு நிரையில் பால் நல்ல மரங்களும் இருந்தன. எதை வெட்டுவது என்று கேட்டேன்.

"செமுவா லா," என்றார். எல்லாமும்தான். அக்கா பால் வெட்டிய நிரை மூன்றாம் நாள் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு முதல் மரத்துக்குப் போனேன்.