வக்கீல் ஆபீசில் வேலை கேட்ட நாள்

வெள்ளைக்காரர் ஆட்சியில் மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. மலாக்காவில், புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் நாங்கள் இருந்தோம். எனக்கு இருபது வயதுக்குள்தான் இருக்கும். அப்பா இல்லை. அம்மா நெஞ்சு வலி வந்து வேலையிலிருந்து நின்றுவிட்டார். வீட்டில் வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான்.

காட்டுக்குள் ஒளிந்து சண்டை போட்ட கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த லயங்களை, எங்கள் வரிசை வீடுகளை, பிரித்து ஒரே இடத்தில் கட்டி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டார்கள். காலையில் கேட் திறந்த பிறகுதான் வெளியே போக முடியும். போகும்போது எல்லாரையும் தடவிப் பார்ப்பார்கள், பெண்களை ஒரு மலாய்க்காரம்மா. நாங்கள் மரத்துப் பட்டையை வெட்டிப் பால் எடுக்கிற இடம் தூரமாகிப் போனதால் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நின்றுகொண்டேதான் போக வேண்டும். காட்டோரம் வந்துவிட்டால் லாரிக்காரருக்குப் பயம் பிடித்துக்கொள்ளும், பறப்பார். ஒரு நாள் மழை பெய்து நனைந்த ரோட்டில், வளைவில் லாரி சாய்ந்துவிட்டது. உயிர் யாருக்கும் போகவில்லை. என் வலது தோள் மட்டும் அடியில் மாட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் எலும்பு சேர்ந்தது. கை வரவில்லை. விரல் மடங்கும், முழங்கை மடங்கும், தோளிலிருந்து கை மேலே எழும்பாது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லாம் நன்றாக இருக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் அந்தக் கையை வைத்துக்கொண்டு மரத்தில் மேல் வெட்டு வெட்ட முடியாது, பால் வாளியைத் தோளுக்குத் தூக்க முடியாது. தோட்டத்தில் அப்படிப்பட்ட ஆளுக்கு வேலை ஏது.

கங்காணி ஒருநாள் வாசலில் வந்து நின்று சொன்னார். "இந்தா புள்ள, கேஸு முடியிற வரைக்கும் இருந்துக்க. அப்புறம் வீட்டக் காலி பண்ணணும். வேலை செய்யிறவங்களுக்குத்தான் வீடு. துரை சொல்லிட்டாரு."

கேஸ் என்று அவர் சொன்னது, தொழிற்சங்கத்து அண்ணன் ஒருவர் எனக்காகத் தோட்டத்து மேல் போட வைத்த நஷ்டஈட்டு வழக்கு. அவர்தான் என்னையும் அம்மாவையும் பஸ்ஸில் ஏற்றி மலாக்கா டவுனில் இருக்கிற தெங்கேராவுக்குக் கூட்டிப் போனார். கீழே ஒரு சீனருடைய பீங்கான் கடை, மரப்படி ஏறினால் மேலே வக்கீல் ஆபீஸ். அந்த வக்கீல் ஐயா நிலத் தகராறு, கல்யாணத் தகராறு எதையும் தொட மாட்டார். அடிபட்டவர்கள் வழக்கு மட்டும்தான். லாரியிலிருந்து விழுந்தவர்கள், மெஷினில் கை கொடுத்தவர்கள், மேலே மரம் விழுந்தவர்கள் எல்லாரும் அந்தப் படியில்தான் ஏறி வருவார்கள், பாதிப் பேர் அடுத்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு.

வக்கீல் ஐயா என் கதையைக் கேட்டுவிட்டு, "சரிம்மா, உனக்கு என்ன வேணும்னு நீயே உன் வாயால சொல்லு" என்றார்.

"வேலை வேணும்ங்க" என்றேன்.

பக்கத்து மேசையில் இருந்த பெரிய கிராணி, அந்த ஆபீசின் மூத்த குமாஸ்தா, கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏன் தங்கச்சி, இங்க பால் மரம் எங்க இருக்கு? என் மேசைக் காலைத்தான் வெட்டணும்." ஆபீசே சிரித்தது. சங்கத்து அண்ணனும் சிரித்தார். அம்மாகூட வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

நஷ்டஈடு வந்தால் கொஞ்ச நாள் சாப்பிடலாம். அதற்குப் பிறகு? நானும் அம்மாவும் எந்த வீட்டில் இருப்போம்? இதைத்தான் என் மனம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

வழக்கு விஷயமாக அந்த ஆபீசுக்குப் பல தடவை போக வேண்டியிருந்தது. போகிற போதெல்லாம் சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருவர் வேலையையும் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருவர் டைப் அடித்தார். அது எனக்கு ஆகாது, மூன்றாம் வகுப்புத் தமிழ்தான் என் படிப்பு. ஒருவர் கோர்ட்டுக்குக் கட்டுக்கட்டாகக் காகிதம் தூக்கிப் போனார். அதற்கு இரண்டு கையும் வேண்டும். பெரிய கிராணி, வந்தவர்களை விசாரித்து எழுதிக்கொள்வார். அந்த வேலையில்தான் ஒன்று கவனித்தேன். நம் ஆட்களுக்குப் பெரிய மனிதர் யார் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். "இப்ப எப்படி இருக்கு?" என்று கிராணி கேட்பார். கால் வளைந்து கிடக்கிறவர்கூட, "பரவாயில்லைங்க, உங்க புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்பார். வக்கீல் ஐயா உள்ளே இருந்து தலையில் அடித்துக்கொள்வார். "நல்லா இருக்கேன்னு நீங்களே சொல்லிட்டா, நான் கோர்ட்ல போய் என்ன பேசுறது?" என்பார். அதற்கும் அவர்கள், "கோவிச்சுக்காதீங்க ஐயா, பரவாயில்லை" என்பார்கள்.

என் வழக்கு விசாரணைக்கு வந்தது. லாரி சாய்ந்தது இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கை குணமாகிவிட்டது, இந்தப் பெண் பொய் சொல்லுகிறாள் என்றுதான் எதிர்ப்பக்கத்து வக்கீல் வாதாடினார்.

கோர்ட்டுக்கு அம்மாவின் சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, முந்தானையை இரண்டு தோளையும் சுற்றிப் போர்த்திக்கொண்டு போனேன். கூண்டில் ஏறினேன். எதிரே வெள்ளைக்கார ஜட்ஜ் உட்கார்ந்திருந்தார். பிறந்ததிலிருந்து துரையைப் பார்த்தால் கை தலைக்கு மேலே போக வேண்டும் என்று வளர்ந்தவள் நான். யோசிக்கவே இல்லை. இரண்டு கையும் மேலே போய்விட்டது. "கும்பிடுறேன் துரை" என்றேன்.

எதிர்ப்பக்கத்து வக்கீல் துள்ளி எழுந்தார். அவர் இங்கிலீஷில் சொன்னது எனக்குப் புரியவில்லை. ஆனால் அவர் தன் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார், அது புரிந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். எங்கள் வக்கீல் ஐயா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோர்ட்டில் இங்கிலீஷை மாற்றித் தமிழ் சொல்லுகிறவர் என் பக்கம் குனிந்து, "ஏம்மா, தோள் தூக்க முடியாதுன்னு கேஸு போட்டுட்டு, இப்ப எப்படித் தூக்கினேன்னு துரை கேக்குறாரு" என்றார்.

பொய்க்காரி என்ற பேரோடு அந்தக் கூண்டிலிருந்து இறங்க எனக்கு மனசில்லை.

"தோட்டத்து கேட்டுல வெளிய போறப்பல்லாம் அரிசி இருக்கான்னு பாப்பாங்க. 'அங்காட் தாங்கான்'னு மலாய்க்காரம்மா சொன்னா ரெண்டு கையையும் தூக்கணும். என் கை எழும்பாது. அதனால இந்தக் கையால அந்தக் கையைப் புடிச்சுத் தூக்கி நிப்பேன். பழகிப் போச்சு. இப்பவும் அப்படித்தான் தூக்கினேன். முந்தானை மறைச்சிருச்சு" என்றேன்.

சொல்லிக்கொண்டே முந்தானையைத் தள்ளிவிட்டேன். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்தேன். தலைக்கு மேலே தூக்கினேன். எல்லாரும் பார்க்கட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு பிடியை விட்டேன். கை துணி மாதிரி விழுந்து கூண்டுக் கட்டையில் அடித்தது. அந்தச் சத்தத்துக்கு ஜட்ஜே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எதிர்ப்பக்கத்து வக்கீல், கையை யார் வேண்டுமானாலும் அப்படி வேண்டுமென்றே கீழே விடலாமே என்றார். தமிழ் சொல்லுகிறவர் அதை எனக்குச் சொன்னார். "அப்படின்னா அந்த ஐயாவையே வந்து தூக்கி விடச் சொல்லுங்க. நான் நிறுத்திப் புடிச்சேன்னா எனக்குக் கேஸே வேணாம்" என்றேன். இதைத் துரைக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று அவர் ஒரு நிமிஷம் தயங்கினார். சொன்னார். ஜட்ஜ் எதிர்ப்பக்கத்தைப் பார்த்து, கையால் என் பக்கம் காட்டினார், போய்ப் பாரும் என்கிற மாதிரி. அந்த வக்கீல் கூண்டுப் பக்கம் வரவே இல்லை. காகிதத்தைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்று மத்தியானமே தீர்ப்பு எங்கள் பக்கம் வந்துவிட்டது.

கோர்ட்டிலிருந்து எல்லாரும் ஆபீசுக்குத் திரும்பினோம். வக்கீல் ஐயா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். கீழே ரோட்டுக் கடையிலிருந்து கோப்பி வரவழைத்துக் கொடுத்தார். பெரிய கிராணி நான் கையை விட்ட மாதிரி நடித்துக் காட்டி எல்லாரையும் சிரிக்க வைத்தார். அம்மா அழுதுகொண்டே சிரித்தார். எனக்கு மட்டும் கோப்பி இறங்கவில்லை. கேஸ் முடிந்துவிட்டது. இனி வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். "ஐயா, கேஸு ஜெயிச்சாச்சு. எனக்கு வேலை?"

பெரிய கிராணி, "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா? கை வராத புள்ளைக்கு ஆபீஸ்ல என்ன வேலைலா கொடுக்கிறது?" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவர் பேச்சே அப்படித்தான்.

"இங்க படியேறி வர்றவங்க எல்லாம் கை காலு வராதவங்கதானே கிராணி ஐயா? உங்க ஆபீஸ்ல அப்படி ஒரு ஆளுகூட இல்லையே" என்றேன்.

வக்கீல் ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பெஞ்சைக் காட்டினார். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு அக்கா அங்கே காத்திருந்தார். அவருக்கும் தோளில்தான் அடி. பல தடவை வந்துவிட்டார், ஒவ்வொரு தடவையும் பரவாயில்லைங்க தவிர ஒரு வார்த்தை சொன்னதில்லை. "போய் அவங்ககிட்டப் பேசு, பார்ப்போம்" என்றார் வக்கீல் ஐயா.

நான் போய் அந்த அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். வலிக்குதா என்று கேட்கவில்லை. அதைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா? என் கையைத் தூக்கி மடியில் போட்டுக் காட்டினேன்.

"எனக்குத் தலை சீவ முடியலைக்கா. எங்கம்மாதான் கொண்டை போட்டு விடுறாங்க. ஒங்களுக்கு யாரு போட்டு விடுறது?"

அந்த அக்கா சுற்றிலும் பார்த்தார். கிராணி இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "எங்க வீட்டுக்காருதான். லயத்துல யாராச்சும் பாத்துட்டா சிரிப்பாங்கன்னு கதவைச் சாத்திக்கிட்டுப் போட்டு விடுறாரு. கோணலா இருக்கும். நான் ஒன்னும் சொல்றதில்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவர் அழ ஆரம்பித்தார். அதற்குப் பிறகு நிற்கவில்லை. ரவிக்கை போட முடியாதது, பிள்ளையை இடுப்பில் தூக்க முடியாதது, ராத்திரி அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாதது என்று எல்லாம் வந்தது. நான் கேட்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பெரிய கிராணி சத்தம் போடாமல் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருந்தார். அந்த அக்கா அவரைப் பார்த்துவிட்டு எழப் போனார். "நீ உக்காரும்மா, நான் இங்க இல்லவே இல்ல" என்றார் அவர்.

எழுதி முடித்ததும் கிராணி தன் மேசைக்குப் போய், பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியின் தூசியைத் தன் கைக்குட்டையால் தட்டிவிட்டு, வாசலைப் பார்த்துப் போட்டார். வக்கீல் ஐயா உள்ளே இருந்து, "திங்கட்கிழமை வந்துடும்மா" என்றார். அவ்வளவுதான். அம்மா என் கையை, அந்த வராத கையைத்தான், விடாமல் பிடித்துக்கொண்டார்.

தெங்கேராவிலேயே ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்குப் பிடித்தோம். தோட்டத்து வீட்டைக் காலி செய்து சாமான்களை ஏற்றின அன்று கங்காணி வந்து நின்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். "மலாக்காவுல வக்கீல் ஆபீஸ்ல வேலை கெடைச்சிருக்கு" என்று அம்மாதான் சொன்னார், பக்கத்து லயத்துக்கும் கேட்கிற மாதிரி.

அந்த நாற்காலியில் பல வருடம் உட்கார்ந்தேன். தோட்டம் தோட்டமாகப் போனேன், ஆஸ்பத்திரி வார்டுகளுக்குப் போனேன், கோர்ட்டுக்குப் போகிறவர்களோடு துணைக்குப் போனேன். கூண்டில் ஏறுவதற்கு முன்னால், "துரையைப் பாத்துப் பயப்படாதீங்க, வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புவேன். கொஞ்சம் கொஞ்சமாக இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொண்டேன், மலாய் ஏற்கெனவே வரும். நாடு சுதந்திரம் வாங்கின பிறகு அந்த ஆபீஸ் பெரிதானது. வேலைக்குப் பெண்களை எடுக்கலாமா என்று யோசித்த காலம் போய், பெண்கள் இருந்தால் நல்லது என்று வக்கீல் ஐயாவே கேட்டு எடுத்தார். தோட்டத்திலிருந்து படித்து வந்த பெண்கள் சிலரை நானே கூட்டிக்கொண்டு போய் விட்டேன். அதில் ஒருத்தி பிறகு வக்கீலுக்கே படித்தாள். படியேறிப் போகும்போது அவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்லுவேன், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் தலையைச் சொறியாமல் வாயைத் திறந்து கேளுங்கள் என்று.

பேரப்பிள்ளைகள் என்னிடம், பயமாக இல்லையா பாட்டி என்று கேட்பார்கள். கோர்ட்டில் நிற்க எனக்கு அவ்வளவு பயம் இல்லை, அங்கே பொய்க்காரி என்ற பேரைத்தான் துடைக்க வேண்டியிருந்தது. கோப்பியைக் கீழே வைத்துவிட்டு எழுந்த அந்த நேரம்தான் பயந்தேன். இந்த வயதில் எத்தனையோ விஷயம் மறந்துபோகிறது. ஆனாலும் எல்லாரும் ஏற்கெனவே ஒரு தடவை சிரித்த கேள்வியை அதே ஆட்கள் முன்னால் மறுபடியும் எழுந்து நின்று கேட்டேனே, அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவள் மேல் ஒரு மரியாதை வருகிறது.