பாப்பம்மா வீட்டைப் பூட்டிய நாள்

இருபத்தாறு வீடுகள். இந்த எண்ணை மறக்காதீர்கள். சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், நான்கு வருடமாக அந்த இருபத்தாறில் ஒன்றுகூட ஒரு வேளையும் ஆளில்லாமல் இருந்ததில்லை.

தோட்டத்தை வாங்கிய கம்பெனி லயத்தை, அந்த வரிசை வீடுகளை, காலி செய்யச் சொன்னபோது, கூலி வாங்காமல் வழக்கை எடுத்தவர் வக்கீல் குணாளன். மரம் சீவி ஓய்ந்திருந்த பாப்பம்மாவிடம் ஒன்றைத்தான் ஒப்படைத்தார்.

"வீடு காலியா கெடந்தா ஒடைச்சிருவான்க்கா. வீட்டுக்கு ஒரு ஆளு எப்பவும் இருக்கணும். நீங்கதான் பாத்துக்கணும்."

பாப்பம்மா பார்த்துக்கொண்டாள். சாமான் வாங்கப் பாசாருக்குப் போகிறவர்களை மறித்து, உள்ளே யார் என்று கேட்பாள். காவலாளி என்று கிண்டலாக ஜாகாக்கா என்றார்கள். செமிலிங்கில் மகள் ரமணிக்குக் கல்யாணம் நடந்தபோதும் நகரவில்லை. தாலி கட்டியதைக் கைப்பேசியில் பார்த்தாள். சம்பந்தி வீட்டார் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

வழக்கால் குணாளன் படம் பத்திரிகையில் வந்தது. கட்சி சீட் கொடுத்தது. ஜெயித்து ஒய்பி, அதாவது மாண்புமிகு, ஆனார். மாநில ஆட்சிக்குழுவிலும் இடம் கிடைத்தது. அலோர் ஸ்டாரில் பாராட்டு விழா என்று லயத்துக்கு இரண்டு பஸ் வந்தது. பாப்பம்மா வரமாட்டேன் என்றாள். ஒய்பியின் உதவியாளன் புவனேசன் சிரித்தான்.

"இனிமே கவர்மெண்டே நம்ம ஆளு, ஜாகாக்கா. எவன் வந்து ஒடைப்பான்? ஏறுங்க லா, ஒய்பி ஒங்களத்தான் கேட்டாரு."

மகள் கல்யாணத்துக்கு வாங்கி, உடுத்தாமல் வைத்திருந்த புடவையை உடுத்தினாள். லயத்தில் கடைசி ஆளாக வீட்டைப் பூட்டினாள்.

மண்டபத்தில் அவளுக்குக் கிடைத்தது ஒரு பிரியாணிப் பொட்டலம். ஒய்பி மேடையிலிருந்து எல்லோருக்கும் பொதுவாகக் கையசைத்தார்.

மாலை திரும்பியபோது புல்டோசர் கடைசியான இருபத்தாறாவது வீட்டில் நின்றிருந்தது. மெத்தைகள் ரோட்டில் கிடந்தன. கம்பெனி ஆள் காகிதத்தைக் காட்டினான். வீடுகளை இடிக்கக் கூடாது என்று கோர்ட் தந்திருந்த தடையுத்தரவு முடிந்து மூன்று வாரம். நீட்டிக்கச் சொல்லி வக்கீல் கோர்ட்டுக்கு வரவில்லையாம். அது தேர்தல் பிரச்சாரம் நடந்த வாரம். ஆளில்லாத வீட்டைத்தானே உடைத்தோம் என்றான்.

ஒய்பியின் சேவை மையத்துக்கு ஆறு முறை நடந்தாள். ஒவ்வொரு முறையும் ஒய்பி மீட்டிங்கில் இருந்தார். ஏழாவது முறை பார்த்தார்.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன்லக்கா, வீட்ட விட்டு நகராதீங்கன்னு. ஏன் எல்லாரும் போனீங்க?"

"ஒங்களப் பாக்கத்தான் தம்பி."

அவர் அடுத்த ஆளை உள்ளே கூப்பிட்டார்.

இப்போது பாப்பம்மா படுப்பது செமிலிங்கில், சம்பந்தி வீட்டுக் கார் கொட்டகையில். அடுத்த தேர்தலில், இடிந்த லயத்தின் முன்னே அவள் அழுகிற படத்தைத்தான் குணாளன் போஸ்டரில் போட்டார். ஏழைகளின் தோழன் என்று மேலே எழுதியிருந்தது.

இந்த முறை ஜெயித்த பெரும்பான்மை 6,214 ஓட்டு.