நொண்டி வேஷம்

சித்தூரில் சர்ச் வாசலில் வேர்க்கடலை விற்கும் ஏசுபாதத்துக்குப் பிறவியிலேயே கால் ஊனம். அதனால் சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை நாடகத்தில், ராஜாவின் விருந்துக்கு அழைக்கப்படும் நொண்டி வேஷம் வருடா வருடம் அவருக்குத்தான்.

ராஜாவாக நிற்கும் போதகர், "என் விருந்துக்கு வருகிறாயா?" என்பார். இவர், "வருகிறேன் ஆண்டவரே" என்று காலில் விழ வேண்டும்.

நாடகம் முடிந்ததும் பந்தலில் பிரியாணி. டோக்கன், சந்தா கட்டும் சபையாருக்கு மட்டும்.

பதினோரு வருடம் வாசனையோடு வீடு திரும்பியவர், போன வருடம் மேடையிலேயே கேட்டுவிட்டார்: "வரேன் ஆண்டவரே. இந்த வாட்டியாச்சும் துன்றதுக்கு டோக்கன் குடுப்பீங்களா?"

சபை விழுந்து விழுந்து சிரித்தது. போதகர் சிரிக்கவில்லை.

இந்த வருடம் நொண்டியது போதகரின் மருமகன். நொண்டி நொண்டிக் கால் வலித்ததாம், பாவம். முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள்.